மூடத் தெரிந்த மேதைகள்

1810-ல் பீட்டர் டுராண்ட் என்ற லண்டன் வியாபாரி, சாப்பாட்டைத் தகர டப்பாவில் அடைத்துக் கெடாமல் வைக்கும் முறைக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் காப்புரிமை வாங்கினார். யோசனை தன்னுடையது இல்லை, வெளிநாட்டு நண்பர் ஒருவர் சொன்னது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்ட உத்தமர். அப்புறம் அதே காப்புரிமையை 1,000 பவுண்டுக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டினார். வாங்கிய டான்கினும் ஹாலும் 1813-ல் லண்டனில் ஆலை போட்டார்கள். கடற்படைக்கு மாட்டிறைச்சி டின் டின்னாகப் போயிற்று. எல்லாம் சரி, டின்னை எப்படித் திறப்பது? அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

உளியையும் சுத்தியலையும் எடுத்து மேல் ஓரமாக வெட்டிக்கொள்ளவும். அந்தக் காலத்து டின்களில் இருந்த ஆலோசனை இதுதான். சாப்பிட உட்கார்ந்தவன் முதலில் கொல்லு வேலை பார்க்க வேண்டும். சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டின் ஓப்பனருக்குக் காப்புரிமை வாங்கியது 1858-ல். டின் வந்து 48 வருஷம் கழித்து.

மூடுவதில் மேதை, திறப்பதில் மக்கு. இந்தப் பரம்பரை குணம் இறைச்சியோடு நின்றிருந்தால் மன்னித்துவிடலாம். இறைச்சி சாதுவான சரக்கு, வைத்த இடத்தில் கிடக்கும். காஸ் ஏற்றிய பானம் அப்படியா? உள்ளே போன நிமிடத்திலிருந்து வெளியே வர வழி தேடும்.

அந்தக் காஸைத் தண்ணீருக்குள் முதலில் பிடித்துப் போட்டவர்களில் ஒருவர் ஒரு பாதிரியார். 1767-ல் ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துத் தேவாலயத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். குடிபோன வீட்டுக்குப் பக்கத்திலேயே பீர் ஆலை. வேறு பாதிரியாராக இருந்தால் ஆலையை மூடச் சொல்லிப் பிரசங்கம் செய்திருப்பார். இவர் உள்ளே போய், நுரைத்துக்கொண்டிருந்த தொட்டிக்கு மேலே தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் சோடாவாயிற்று. இது மாலுமிகளின் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று 1772-ல் புத்தகம் போட்டார். தீர்க்கவில்லை. நோய் தீராவிட்டால் என்ன, ருசியாக இருக்கிறதே என்று 1783-ல் ஜெனிவாவில் யாக்கோப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். பிரீஸ்ட்லிக்குக் காசு வரவில்லை. விஞ்ஞானிக்குப் பெயரும் வியாபாரிக்குப் பணமும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்ட பங்கீடு.

சோடாவை அடைக்கும் முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, நிற்கவே முடியாத பாட்டில். அடிப்பாகம் முட்டை மாதிரி உருண்டை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். நிறுத்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், காஸ் ஓடிவிடும். ஆகவே பாட்டில் படுத்தே கிடக்க வேண்டும். 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர்தான் ஒழுங்காக யோசித்தார். பாட்டில் கழுத்துக்குள் ஒரு கோலிக்குண்டு, மேலே ஒரு ரப்பர் வளையம். தப்பிக்கப் பார்க்கும் காஸே குண்டை வளையத்தோடு அழுத்தி, தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். திறக்கக் கட்டைவிரல் போதும். மூடுவதையும் திறப்பதையும் ஒரே மூச்சில் யோசித்த மனிதர் இந்த வரலாற்றிலேயே அநேகமாக அவர் ஒருவர்தான். மேல்நாடுகள் அவரை மறந்துவிட்டன. நாம் மறக்கவில்லை. நம்மூரில் கோலி சோடா இன்னும் உடைபடுகிறது.

ஆனால் கண்ணாடி கனம், உடையும், வெளிச்சத்தை உள்ளே விட்டு பீரை நாற வைக்கும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி ஆட்களைக் கெஞ்ச வேண்டும். ஆகவே 1909-ல் அமெரிக்கன் கேன் கம்பெனி பீரைத் தகரத்தில் அடைக்கப் பார்த்தது. தோற்றது.

காரணம் இரண்டு. பீரைக் கெடாமல் வைக்க, மூடிய பிறகு டப்பாவோடு சூடாக்க வேண்டும். சூடேறினால் காஸ் பீரை விட்டு வெளியே வரும். அப்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு வரை அழுத்தம். பட்டாணியும் பீச்சும் அடைத்துப் பழகிய டப்பா அதில் பாதியைக்கூடத் தாங்காது, பொருத்து பிளந்துகொள்ளும். இரண்டாவது காரணம், பீருக்கும் இரும்புக்கும் ஆகவே ஆகாது. பட்டால் பீர் கலங்கும், வாய் வைத்தால் ஆணியைச் சப்பினது மாதிரி இருக்கும்.

இவர்கள் இதற்கு வழி கண்டுபிடிப்பதற்குள் அமெரிக்க அரசாங்கம் வேறொரு வழி கண்டுபிடித்தது. 1920-ல் மதுவிலக்கு! பீரே இல்லை, அப்புறம் டப்பா எதற்கு? பாப்ஸ்ட் பீர் கம்பெனி பாலாடைக்கட்டி விற்கப் போனது. கூர்ஸ் கம்பெனி மால்ட் கலந்த பால்பொடியும் பீங்கானும் செய்து வயிற்றைக் கழுவியது. ஊரார் குடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அது தனிக் கதை, அதில் துப்பாக்கிச் சத்தம் அதிகம்.

டப்பாக்காரர்கள் விடவில்லை. அழுத்தத்துக்குத் தடித்த எஃகுத் தகடு. உள்பக்கம் பீர் இரும்பைத் தொடாதபடி வினைல் பூச்சு. 1933-ல் மதுவிலக்கு தளர்ந்தபோது சரக்கு ஏறக்குறைய தயார். நெஞ்சில் துணிவுள்ள பீர்க்காரர்தான் வேண்டும். நியூஜெர்ஸி மாநிலம் நூவர்க் நகரத்து க்ரூகர் ஆலை சிக்கியது. பேரம் நடந்தபோது நான் அங்கே இல்லை, ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும்:

“முதலாளி, மெஷினை நாங்களே மாட்டித் தருகிறோம்.”

“பணம்?”

“வியாபாரம் ஓடினால் கொடுங்கள்.”

“ஓடாவிட்டால்?”

“பேச்சே இல்லை, எங்கள் நஷ்டம்.”

“சரி, எங்கே விற்பது?”

“உங்களை யாருக்கும் தெரியாத ஊர் ஏதாவது இருக்கிறதா?”

வசனம் என் சரக்கு. ஒப்பந்தத்தின் சாரம் உண்மை. முதலில் 2,000 டப்பாக்களை விசுவாசமான குடிகாரர்களுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். 91 சதவீதம் பேர் பிரமாதம் என்றார்கள். இலவச பீரைக் குறை சொன்ன மிச்சம் 9 சதவீதத்தின் நேர்மைக்குத்தான் நான் சிலை வைப்பேன். பிறகு 1935 ஜனவரி 24 அன்று, சொந்த ஊரிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் விற்பனைக்கு விட்டார்கள். மானம் போனாலும் வெளியூரிலேயே போகட்டும் என்ற ஏற்பாடு. மானம் போகவில்லை, டப்பாதான் பறந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் 37 ஆலைகள் டப்பாவுக்கு மாறிவிட்டன.

காலி டப்பாவே சுமார் 100 கிராம் எடை. மேலும் கீழும் தட்டை. திறக்க? ஆம், மறுபடியும் அதே கேள்வி. ஆனால் 1810-ஐ விட நாகரிகம் வளர்ந்திருந்தது. உளிக்குப் பதிலாக முக்கோண மூக்கு வைத்த இரும்புக் கருவி ஒன்றைக் கூடவே கொடுத்தார்கள். டப்பாவின் பக்கவாட்டில் படம் போட்டுப் பாடமும் நடத்தினார்கள். ஒரு ஓட்டை குடிக்க, எதிர்ப்பக்கம் இன்னொன்று காற்று நுழைய. பீர் குடிப்பதற்குச் செயல்முறை விளக்கம் தேவைப்பட்டது உலக வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

போட்டிக் கம்பெனியான கான்டினென்டல் கேன் வேறு மாதிரி யோசித்தது. டப்பாவுக்கே பாட்டில் கழுத்து வைத்து, தலையில் பாட்டில் மூடியைப் போட்டுவிட்டது. ஆலைக்காரன் பழைய பாட்டில் மெஷினையே ஓட்டலாம், குடிப்பவன் பழைய ஓப்பனரையே தேடலாம். (அந்தப் பல் வைத்த மூடியை 1892-ல் கொண்டுவந்த வில்லியம் பெயின்டர், தன் விற்பனையாளர் ஒருவரிடம், ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி என்று சொல்லியிருக்கிறார். அந்த விற்பனையாளரின் பெயர் கிங் ஜில்லெட். மிச்சத்தை உங்கள் கன்னத்தைக் கேளுங்கள்.) 1935 டிசம்பர் 3-ல் ஐரோப்பாவின் முதல் பீர் டப்பா, வேல்ஸில் லனெத்லி ஊருக்குப் பக்கத்து ஃபெலின்வோயல் ஆலையிலிருந்து இந்த வடிவத்தில்தான் வந்தது. லண்டனை விட்டுவிட்டு அந்தச் சின்ன ஊர் ஏன்? அது தகரத் தகடு செய்யும் பிரதேசம், தொழில் படுத்துக் கிடந்த காலம். ஆலை முதலாளிக் குடும்பத்துக்குத் தகரத்திலும் பங்கு இருந்தது. தாகத்தைவிடத் தகரத்தின்மேல்தான் அக்கறை. வெளிவந்த டப்பா, பித்தளை தேய்க்கும் பாலிஷ் டின் மாதிரியே இருந்தது என்று சிரித்தவர்கள் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் டப்பாவும் பட்டாளத்தில் சேர்ந்தது. பச்சை வர்ணம் அடித்துச் சிப்பாய்களுக்குப் போயிற்று. ஊரில் இருந்தவர்கள் பாட்டிலுக்குத் திரும்பினார்கள்.

1959-ல்தான் நிஜமான புரட்சி, அதுவும் பால்பொடி விற்றுப் பிழைத்த அதே கூர்ஸ் வீட்டிலிருந்து. பில் கூர்ஸ் என்ற வாரிசு அலுமினிய டப்பாவைக் கொண்டுவந்தார். 7 அவுன்ஸ் பிடிக்கும் சின்னது, காலியைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சென்ட். ஒற்றை வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, சுவரை இழுத்து இழுத்து மெல்லியதாக்கிச் செய்வது. பக்கவாட்டில் பொருத்தே கிடையாது. பொருத்து இல்லாவிட்டால் பிளப்பது எங்கே?

இன்றைய டப்பா அதன் பேரப்பிள்ளை. உடம்பும் மூடியும் சேர்ந்து சுமார் 13 கிராம், சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். காலி டப்பாவை ஒரு குழந்தை நசுக்கிவிடும். மூடிய டப்பாமேல் ஒரு பெரியவர் ஏறி நிற்கலாம். தாங்குவது உலோகம் இல்லை, உள்ளே இருக்கும் காஸ்! ஐம்பது வருஷம் எதிரியாக நினைத்து மல்லுக்கட்டிய அழுத்தத்தையே தூணாக்கிவிட்டார்கள். காஸ் இல்லாத பானமாக இருந்தால் ஒரு சொட்டு திரவ நைட்ரஜன் விட்டு மூடி, இல்லாத அழுத்தத்தை உண்டாக்குகிறார்கள். அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருப்பதும் இதற்காகத்தான். தட்டையாக விட்டிருந்தால் காஸ் அதை வெளியே தள்ளும், டப்பாவும் அந்தப் பழைய முட்டை பாட்டில் மாதிரி உருளும். தட்டையாக இருந்தே ஆக வேண்டியது மூடி மட்டும். அதனால் அதற்குத் தடித்த, மக்னீசியம் கூடுதலாகக் கலந்த தகடு. அந்தத் தகட்டை மிச்சம் பிடிக்கத்தான் டப்பாவின் தோளை வருஷா வருஷம் குறுக்கிக்கொண்டே வந்தார்கள்.

இவ்வளவு மூளையையும் செலவழித்தவர்கள் திறப்பதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றும் இல்லை. அதே முக்கோண மூக்கு.

அதே 1959-ல் ஒஹாயோ மாநிலம் டேட்டனைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் என்ற பட்டறை முதலாளி பிக்னிக் போனார். டப்பா இருந்தது, ஓப்பனர் இல்லை. கார் பம்பரில் குத்தித் திறந்தார். உளி, துப்பாக்கிக் கத்தி, கடைசியில் கார்: நூற்று ஐம்பது வருஷ முன்னேற்றம்! அப்புறம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் வீட்டு நிலவறைப் பட்டறையில் உட்கார்ந்து அவர் கண்டுபிடித்தது, மூடியோடேயே ஒட்டிய இழுப்பு வளையம். வளையத்தை மூடியோடு பிணைக்க ரிவிட் வேண்டும்; ரிவிட் அடிக்க ஓட்டை போட்டால் காஸ் போய்விடும். மூடியின் தகட்டையே மொட்டு மாதிரி மேலே எழுப்பி, அதையே நசுக்கி ரிவிட் ஆக்கினார். ஓட்டையே இல்லை. பிட்ஸ்பர்கின் அயர்ன் சிட்டி பீர் 1962-ல் அதை மாட்டிக்கொண்டது, அடுத்த வருஷம் ஷ்லிட்ஸும்.

அப்பாடா என்று உட்கார முடிந்ததா? இழுத்த வளையம் கையோடு வந்துவிட்டது. அதை என்ன செய்வது? இந்த ஒரு கேள்வியை மட்டும் ஃப்ரேஸ் அன்றைக்கு யோசிக்கவில்லை. அமெரிக்கா முழுக்கக் கீழே போட்டார்கள். கடற்கரை, பூங்கா, நடைபாதை எங்கும் கூர்மையான வளையம், வெறுங்காலோடு நடந்தவன் கதறினான். நல்ல பிள்ளைகள் வளையத்தைக் கீழே போடாமல் டப்பாவுக்குள்ளேயே போட்டார்கள். பிறகு மறந்துபோய்ப் பானத்தோடு சேர்த்து விழுங்கினார்கள். அலுமினியம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்பதை டாக்டர்கள் அப்போது கற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் லாபம்: தொல்லியல்காரர்களுக்கு. எதிர்காலத்தில் மண்ணைத் தோண்டி வளையம் கிடைத்தால், அது எந்தக் காலத்துக் குப்பை என்று வடிவத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

1975-ல் ரெனால்ட்ஸ் கம்பெனியின் டேனியல் கட்ஜிக், திறந்த பிறகும் டப்பாவிலேயே தங்கும் நெம்புநாக்கைக் கொண்டுவந்தார். லூயிவில்லின் ஃபால்ஸ் சிட்டி பீரில் முதலில் வந்தது. இன்று நாம் நிமிண்டுவது அதன் வாரிசைத்தான். டுராண்டிலிருந்து எண்ணினால் 165 வருஷம்.

பூமியில் வேலை முடிந்தது. விடுவார்களா? 1985 ஜூலையில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் சூரியனை ஆராயும் தொலைநோக்கிகளோடு கிளம்பவிருந்தது. கோக் தன் விண்வெளி டப்பாவோடு வந்து நின்றது. பெப்ஸி விடுமா? அதுவும் ஒன்று செய்துகொண்டு வந்தது, பார்வைக்கு ஷேவிங் கிரீம் டப்பா மாதிரி. எடையில்லாத இடத்தில் சாதா டப்பாவைத் திறந்தால் பானம் உருண்டைகளாகக் கேபினில் மிதக்கும்; ஆகவே வால்வு, முனை, உள்ளே அழுத்தத்தைக் காக்கும் ஏற்பாடு என்று இரண்டு தரப்பும் பொறியாளர்களைப் பிழிந்திருந்தன. மேலே போகும்போது ஒரு எஞ்சின் பாதியில் நின்று, நினைத்ததைவிடத் தாழ்வான சுற்றுப்பாதையில் தப்பித்துப் போய்ச் சேர்ந்தது ஓடம். உயிர் பிழைத்த கதையை விட்டுவிட்டு ஊர் விண்வெளி வீரர்களிடம் கேட்டது, எந்த கோலா நன்றாக இருந்தது?

எதுவும் இல்லை. ஓடத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது, இரண்டும் வெதுவெதுப்பு. மூடி அங்கே சரியாகவே மூடியது, திறக்கவும் திறந்தது. மாட்டிக்கொண்டது வயிறுதான். எடையில்லாத இடத்தில் காஸ் மேலேயும் நீர் கீழேயும் பிரியாது. ஏப்பம் விட்டால் காஸோடு கோலாவும் திரும்பி வரும். கோக் மனம் தளரவில்லை. 1996-ல் மறுபடியும் விண்வெளிக்குக் குழாய் வைத்த மெஷினையே அனுப்பியது.