சிவாவும் ரவியும் எந்த ஷிப்ட்?

லதாவின் குழந்தை இந்நேரம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்திருக்கும்.

எந்த லதா என்பீர்கள். 'எந்திரன்' படத்தில் சனாவின் சகோதரி. பிரசவம் சிக்கலாகித் துடித்துக்கொண்டிருந்தபோது சிட்டி ரோபோ உள்ளே புகுந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்ததே, அந்த லதா. படம் வெளிவந்தது 2010 அக்டோபர் 1. 2018 நவம்பரில் அதன் இரண்டாம் பாகமான '2.0' வந்தபோது பிள்ளைக்கு எட்டு வயது. "சிட்டியைத் திரும்பக் கூப்பிடலாமா, கூடாதா" என்று பெரிய மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். அந்த ரோபோவால் உயிரோடு இருக்கிற இந்தச் சாட்சியை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும்.

எனக்கு ஏன் இந்தக் கவலை என்றால், வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டில். உதிரிபாகம் செய்யும் கம்பெனி. எனக்குப் பத்தடி தள்ளி, கம்பி வேலிக்குள் வெல்டிங் ரோபோ நின்று வேலை பார்க்கிறது. அதற்கு டீ பிரேக் கிடையாது, தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு லெட்டர் எழுதாது. ஆகவே ரோபோ படங்களை நான் மேனேஜ்மென்ட் சர்க்குலரைப் படிப்பதுபோலத்தான் பார்க்கிறேன். முதலில் தேடுவது, யார் பெயர் பட்டியலில் இல்லை என்பதை.

சின்ன ஆட்களை மறக்காத விஷயத்தில் அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன். 1980-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், ஊரே தப்பித்து ஓடும்போது ஒரு ஆள் ஐஸ்கிரீம் செய்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். திரையில் சில நொடிதான். ரசிகர்கள் விடவில்லை. அவருக்கு வில்ரோ ஹுட் என்று பெயர் வந்தது, பொம்மை வந்தது, அவர் தூக்கிக்கொண்டு ஓடியது ஐஸ்கிரீம் மெஷினே இல்லை என்று ஒரு கதையும் வந்தது. ரசிகர் மாநாடுகளில் அவரைப்போல ஆரஞ்சு உடுப்புப் போட்டுக் கூட்டமாக ஓடுகிறார்கள். ஓடிப்போனவனுக்கே அங்கே அவ்வளவு மரியாதை. நாமோ படம் முழுக்கக் கூடவே இருந்த இரண்டு பேரைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

சிவா, ரவி. சந்தானமும் கருணாஸும். டாக்டர் வசீகரனின் உதவியாளர்கள். சிட்டியைச் செய்து முடிக்க வசீகரனுக்குப் பத்து வருடம் ஆனது. அந்த லேபில் எடுபிடி வேலை பார்த்து, ரோபோவிடமும் வசீகரனிடமும் மாறி மாறி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள். '2.0'-வில் வசீகரன் இருக்கிறார், சிட்டி இருக்கிறது, வில்லன் போராவுக்கு மகன்கூட முளைத்துவிட்டான். இந்த இரண்டு பேர் மட்டும் இல்லை. அந்த இடத்தில் நிலா. பெண் வடிவத்தில் ஒரு ரோபோ. சொன்னதைச் செய்கிறது, ஓ.டி. கேட்காது, கேன்டீன் சாம்பாரைப் பற்றி வாய் திறக்காது.

இரண்டு ஆளை எடுத்துவிட்டு ஒரு ரோபோ. இதற்கு நாங்கள் தினமும் கேட்கிற பெயர் ஆட்டோமேஷன். படம் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இதைச் சொன்னபோது, பின் சீட்டில் இருந்த டிரெய்னிப் பையன் ஒரே கேள்விதான் கேட்டான்: "அவங்க ரெண்டு பேரும் பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டாண்ணே?" ஷங்கர் படத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

கூட்டத்தில் நிற்கிற ஆட்களின் கதை இன்னும் மோசம். எந்திரன் கடைசியில் நூற்றுக்கணக்கான ரோபோக்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் பிரம்மாண்ட மனிதனாகவும் மாறுமே, அத்தனைக்கும் ஒரே முகம், ரஜினி முகம். வேறு நாட்டில் கூட்டம் என்றால் துணை நடிகர்களுக்குச் சோறு. நம் படத்தில் கூட்டத்துக்கும் சூப்பர் ஸ்டாரே. அத்தனையும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும்படி வசீகரன் கட்டளை போட்டார், சரி. அப்புறம் அந்த டன் கணக்கான இரும்பு எங்கே போனது? ஸ்கிராப் எடுக்கும் காண்ட்ராக்ட் யாருக்கு விழுந்தது? அதை மட்டும் வைத்தே ஒரு படம் எடுக்கலாம், ரோபோ சண்டையைவிடப் பயங்கரமாக இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சனா கதாநாயகி. அவரே இரண்டாம் பாகத்தில் போனில் கேட்கும் குரலாகச் சுருங்கிவிட்டார். இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நைட் ஷிப்ட் பார்க்கிற புருஷனுக்குப் பெண்டாட்டி போனில்தான் இருப்பாள். சிட்டி மிரட்டி மன்னிப்புக் கேட்க வைத்த ரங்குஸ்கி என்கிற கொசுவும் இன்று இல்லை; கொசுவின் ஆயுள் சில வாரம்தான். ஆனால் கடிப்பது பெண் கொசு மட்டுமே என்பதால் வாரிசுகளுக்குப் பஞ்சம் இருக்காது. எங்கள் ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்கு அறை எடுத்தவர்கள் அந்த வம்சத்தை நன்றாக அறிவார்கள். மன்னிப்பு எதுவும் வரவில்லை.

'2.0' கதையில், பறவைகளுக்காகக் கிளம்பும் வில்லன் பட்சிராஜனால் ஊரிலுள்ள செல்போன்கள் எல்லாம் பறந்து போகும். தியேட்டரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. பட்சிராஜன் வருவதற்கு நான்கு வருடம் முன்பே, ஒரு காக்கை குருவியின் உதவியும் இல்லாமல், ஆயிரக்கணக்கானவர்களின் வேலையோடு செல்போன் பறந்துவிட்டது. அவர்களில் எத்தனை பேர் இன்று எந்தக் கம்பெனி லைனில் நிற்கிறார்கள் என்று தொடர்கதை எழுதினால் பத்து பாகம் வரும். பிறகு போன் வேறு பெயரில் திரும்பி வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற அளவுக்கு விடுதி திறந்தார்கள், பெரும்பாலும் போன் செய்கிற பெண்களுக்காக. இன்றைக்குப் பட்சிராஜன் வந்து ஊர் போன்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனால், சென்னை அழும். இங்கே இரண்டு வருடத்துக்கு ஓ.டி. கிடைக்கும்.

எந்திரனின் கடைசிக் காட்சி நடப்பது 2030-இல். மியூசியத்தில் பிரித்துப் போட்டிருக்கும் சிட்டியைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், ஒரு சிறுமி கேள்வி கேட்பாள். அந்தச் சிறுமி இப்போது ஆரம்பப் பள்ளியில் இருப்பாள். பாவம், 2018-இலேயே சிட்டியை மறுபடி பூட்டி வேலைக்கு அனுப்பிவிட்ட விஷயம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மியூசியம் போனால் என்ன இருக்கும் என்று எனக்கே கவலையாக இருக்கிறது.

சிவாவும் ரவியும் எங்கே என்று நான் முடிவு செய்துவிட்டேன். ரோபோவோடு பத்து வருட அனுபவம் இருக்கிற, வேலை போன இரண்டு பேர் வேறு எங்கே போவார்கள்? ஒரகடம் சாலையில்தான் எங்கேயோ இருக்கிறார்கள். ஒருவர் மெயின்டனன்ஸில், கையில் டீச் பென்டன்ட் வைத்துக்கொண்டு ரோபோவுக்குப் பாதை சொல்லிக்கொடுக்கிறார். இன்னொருவர் ரோபோ விட்டுவைத்த இடத்தைக் கையால் வெல்டிங் செய்கிறார். செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஷங்கர் சாருக்கு ஒரு வேண்டுகோள். ஐந்நூறு கோடிக்கு மேல் செலவானதாகச் சொன்ன படத்தில் இவர்களுக்கு ஒரு சீன் கிடைக்கவில்லை, போகட்டும். மூன்றாம் பாகம் எடுத்தால் சண்டை, பாட்டு, பஞ்ச் எதுவும் இவர்களுக்கு வேண்டாம். வசீகரன் யாரிடமாவது, "அந்தப் பசங்க பி.எஃப். பணம் வந்துடுச்சா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். வல்லம் வடகால் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் கைதட்டுவோம்.