தாத்தாவைத் தொலைப்பது எப்படி?

வம்ச வரலாறு எழுதக் கிளம்பிவிட்டீர்கள். சபாஷ். நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற சிவகாசியில் உங்கள் தாத்தா பிறந்த தேதி மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அதை அப்படியே காப்பாற்ற வழி சொல்கிறேன்.

1. சொந்த ஊர்ப் பதிவேட்டை மட்டும் புரட்டுங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள், பிறந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவார்கள் என்பதெல்லாம் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரிந்த விஷயம். அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

2. பெயரைச் சொல்லித் தேடுங்கள். பேர் வைக்கும் முன்பே கிராம முன்சீப் எழுதி முடித்திருப்பார். அப்பா பெயருக்கு நேரே வெறும் ‘ஆண்’ என்று இருக்கும். அந்த ‘ஆண்’ உங்கள் தாத்தாவாக இருக்க முடியாது. அடுத்த பக்கம் போங்கள்.

3. தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை நம்புங்கள். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்ட பையனுக்கு ஹெட்மாஸ்டர் மனமுவந்து அளித்த ஜூன் 1 அது. வகுப்பில் பாதிப்பேர் அன்றுதான் பிறந்தார்கள்.

4. மாவட்டம்: விருதுநகர். அடித்துச் சொல்லுங்கள். 1985-க்கு முன் இது ராமநாதபுரம் மாவட்டம், 1910-க்கு முன் சிவகாசி, சாத்தூர் பக்கமெல்லாம் திருநெல்வேலி, விருதுநகரே 1923 வரை விருதுபட்டி என்று யாராவது ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

5. வி.ஏ.ஓ.விடம் போய் 1948-ம் வருடப் புத்தகத்தைக் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள் என்பார். பத்திரம் பதிகிற இடத்தில் பிறப்புக்கு என்ன வேலை? நீங்களே முடிவு செய்து, டீ குடித்துவிட்டு வீடு திரும்புங்கள். பிடிவாதக்காரர் என்றால் ‘பதிவில் இல்லை’ என்று ஒரு சான்று வாங்கி லேமினேட் செய்யலாம்.

6. ஆச்சியின் கல்யாணத்துக்குப் பதிவுச் சான்றுதான் வேண்டும் என்று அடம் பிடியுங்கள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் கட்டாயம் பதியச் சொன்ன சட்டம் 2009-ல் வந்தது. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். அந்த மாதிரிக் கல்யாணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளவே 1967 ஆனது. ஆக, உங்கள் கணக்குப்படி ஊரில் பாதிப் பாட்டிகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தேதி, ஊர், உறவு, கொடுத்த ஐந்து ரூபாய் வரை எழுதி வைத்திருக்கும் மொய் நோட்டு பரணில் கிடக்கும். பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். கிலோவுக்கு நல்ல விலை.

7. வெடிவிபத்தில் போன சித்தப்பாவையும் ஊர்ப் பதிவேட்டிலேயே தேடுங்கள். தீக்காயத்தோடு மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்; மூன்றாம் நாள் அங்கேதான் முடிந்தது. இறந்த இடத்தில்தான் இறப்பைப் பதிவார்கள், அதாவது மதுரை மாநகராட்சியில். நிவாரணப் பணத்துக்காக அந்தச் சான்றை எத்தனை நகல் எடுத்தாள், எந்தெந்த மேஜையில் கொடுத்தாள் என்று சித்தி வரிசையாகச் சொல்வாள். மிச்சம் நான்கு நகல் இன்னும் மஞ்சள் பையில் இருக்கிறது.

சித்தியிடம் கேட்காதீர்கள்.