சாட்டநூகாவும் சுருக்கற்கலையும்: ஒரு சிற்றாராய்ச்சி

நடுத்தர ஊரில் குடியிருப்பது சுகமா என்ற வினாவை ஆராயப் புகுந்தோர் வாடகை, வெயில், வரி என்ற மூன்று கோல்களையே கையில் எடுக்கிறார்கள். மூன்றும் பிழை. வாடகை வீட்டுக்காரரின் குணத்தைக் காட்டும், வெயில் மாதத்தைக் காட்டும், வரி அரசாங்கத்தின் பசியைக் காட்டும். ஊர் மட்டும் அகப்படாது. ஓர் ஊர் யாரும் கேட்காமலே எதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறதோ, அதை வைத்தே அதன் சுகத்தை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்கத் தென்பகுதியில், டென்னசி மாநிலத்துச் சாட்டநூகா. 2020 கணக்கெடுப்பில் 1,81,099 பேர். மாநிலத்தில் நான்காவது பெரிய நகரம். நான்காம் இடம் என்பது லேசான விஷயமல்ல. முதல் மூன்றுக்குப் பதக்கம் உண்டு, கடைசிக்கு அனுதாபம் உண்டு, நான்காவதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அந்தத் தனிமையில் இவ்வூர் செய்துவந்த காரியம் ஒன்றே: பெரிதைச் சிறிதாக்கிக் கையில் கொடுப்பது. 1899இல் இவ்வூர் வக்கீல்கள் இருவர், கடைக்குப் போய் நின்றபடி கிளாசில் குடிக்க வேண்டியிருந்த கோக்க கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை ஒரு டாலருக்கு வாங்கினார்கள். 1917இல் இங்குள்ள பேக்கரி நிலாவையே பிஸ்கட் ஆக்கியது. பேக்கரி சொல்லும் கதைப்படி, என்ன தின்பண்டம் வேண்டும் என்று கேட்ட விற்பனையாளருக்குச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இரு கைகளையும் வானத்து நிலாவுக்கு நேரே வளைத்துப் பிடித்து ‘இந்த அளவு’ என்றாராம். கிடைத்தது இரண்டு பிஸ்கட், நடுவில் மார்ஷ்மெல்லோ, மேலே சாக்லேட் பூச்சு, பெயர் மூன்பை. 1927இல் பக்கத்து லுக்கவுட் மலையில் கார்னெட் கார்ட்டர், ஏக்கர் கணக்கில் புல்வெளி கேட்கும் கோல்ஃபைக் கொல்லைப்புறத்துக்குள் அடங்குகிற மினி கோல்ஃப் ஆக்கினார். 1932இல் திறந்த கிரிஸ்டல் கடை பர்கரை ஐந்து சென்ட் சதுரமாக்கியது. அதே ஆண்டு கார்ட்டர் தம்பதி திறந்த ராக் சிட்டி பாறைத் தோட்டத்தில், ஓரிடத்தில் நின்றால் ஏழு மாநிலங்கள் தெரியும் என்று அறிவித்தார்கள். ஏழும் தெரியுமா என்பது இன்றுவரை வழக்கு. நமக்கு வேண்டியது பார்வையின் எட்டமல்ல. ஏழு மாநிலத்தையும் ஒரு கைப்பிடிச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தத் துணிந்த மனம்.

இங்கே இரண்டு தடைகள் எழும். கோக்கை மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் 1894இலேயே புட்டியில் அடைத்தார்களே என்பது ஒன்று. அடைத்தார்கள், அங்கே அது ஒரு கடைக்காரரின் யோசனை, இங்கேதான் ஏறக்குறைய நாடு முழுவதுக்குமான ஒப்பந்தமாயிற்று. மினி கோல்ஃபும் ராக் சிட்டியும் எல்லைக்கு அப்பால் ஜார்ஜியாவில் அல்லவா தோன்றின என்பது மற்றொன்று. இது கடுமையான தடைதான். ஆனால் மலை ஒன்று, எல்லைக்கோடு அதன் மேல் போகிறது. அடுத்த மாநிலத்தையும் தன் கொல்லையாக எண்ணிக்கொள்வது சுருக்கற்கலையின் உயர்நிலை என்றே கொள்க.

தேர்ச்சியின் உச்சம் 1992இல் திறந்த டென்னசி மீன்காட்சியகம். 652 மைல் ஓடும் டென்னசி ஆறு ஒஹாயோவில் கலந்து, அது மிசிசிப்பியில் கலந்து, கடைசியில் வளைகுடாவைச் சேர்கிறது. இந்த நெடும்பயணத்தை ஒரே கட்டடத்துக்குள் மடித்துவிட்டார்கள். நகரும் படியில் உச்சிக்குப் போனால் மலைக்காடு, தளம் தளமாக இறங்கினால் கடல். குழந்தை ‘பசிக்குது’ என்று சொல்வதற்குள் ஆறு முடிந்துவிடும். ரயிலையும் விடவில்லை. 1941இல் க்ளென் மில்லர் இசைக்குழுவின் பாட்டால் உலகமெங்கும் ஓடிய சாட்டநூகா ரயிலின் நிலையம் 1970இல் மூடப்பட்டது. மூன்றே ஆண்டில் நிலையம் ஓட்டலாகி, பெட்டிகள் படுக்கையறைகளாயின. ‘இன்று ஊருக்குப் பயணிகள் ரயிலே இல்லையே, இது என்ன சுகம்?’ என்பார்க்கு: ரயிலில் எல்லோரும் தேடுவது தூக்கம், இவ்வூர் ஓட்டத்தை நீக்கித் தூக்கத்தை வைத்துக்கொண்டது.

ஒரு தடைக்கு மட்டும் இப்படி விடை சொல்லித் தப்ப முடியாது. ஆற்றின் மேல் 2,376 அடி நீளத்தில் வால்நட் தெருப் பாலம் இருக்கிறது. 1978இல் வண்டிகளுக்கு மூடி, 1993இல் நடப்பவர்களுக்குத் திறந்தது. நீலச் சட்டங்கள், காலடியில் பலகை, மாலையில் நாய்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும். இந்தப் பாலத்தில்தான் 1906 மார்ச் 19 அன்று, தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்திருந்தும், எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரைச் சிறையிலிருந்து இழுத்துவந்து கும்பல் தூக்கிலிட்டது. காவலைக் கைவிட்ட ஷெரிஃபை நீதிமன்றம் 1909இல் அவமதிப்புக் குற்றவாளி என்றது. பாலத்தின் தென்முனையில் நினைவுச்சின்னம் வந்தது 2021இல். 115 ஆண்டுகள் அந்தச் சாவையும் சிறிதாக்கி எங்கோ ஓரமாக வைத்திருந்தது இதே கைதான். சுகம் என்று எழுதும்போது யாருக்கு, எப்போது என்று கேட்கிறவர் சரியாகவே கேட்கிறார். இக்கட்டுரையின் துணிபு அந்த இடத்தில் பாதியாகிறது. மீதிப் பாதியைத்தான் மேலே நிறுவ முடியும்.

காற்றைப் பற்றிய தடை எளிது. 1969இல் நாட்டிலேயே மிக அழுக்கான காற்று இங்கேதான் என்று மத்திய அரசு சொன்னது. வார்ப்பட ஆலைகள் விட்ட புகையைச் சுற்றியுள்ள மலைகள் மூடிபோட்டு அடைத்துவைத்தன. புட்டியில் அடைக்கும் பழக்கம் கைமீறிப் போன நிகழ்வு எனலாம். பிறகு சட்டம் போட்டு, ஆலைகளில் வடிகட்டி பொருத்தித் தெளியவைத்தார்கள். கோடைப் புழுக்கத்துக்கு அப்படி ஒரு வைத்தியமும் இல்லை, வாதமும் இல்லை. நகராட்சியின் மின்வாரியம் 2010இல் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் இணையம் கொடுத்தது பெருக்கமாயிற்றே என்பவர்க்கு, உலகத்தை அறைக்குள் சுருட்டித் தருவதைவிடப் பெரிய சுருக்கம் எது என்ற எதிர்வினாவே போதும்.

எஞ்சுவது போக்குவரத்து நெரிசல். 24ஆம் எண் நெடுஞ்சாலை ஆற்றுக்கும் லுக்கவுட் மலைக்கும் இடையே நசுங்கி வளைகிற இடத்தில் லாரிகள் ஊர்கின்றன. அங்கே சாலையும் சுருங்கியிருப்பது துணிபுக்கு வலு என்றாலும், வண்டிக்குள் இருப்பவரிடம் சொல்லத்தக்கதல்ல. அவருக்கு வேறொரு ஆறுதல் உண்டு. சாட்டநூகா கிழக்கு நேரத்தில் இருக்கிறது. மேற்கே அடுத்த மாவட்டமான மேரியன் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, அரை மணி ஓட்டி, ஜாஸ்பரில் இறங்கும்போது மணி எட்டரை. நெரிசலில் இன்னொரு அரை மணி போனாலும் புறப்பட்ட நேரத்துக்கே போய்ச் சேரலாம். திரும்பி வரும்போது மட்டும் அந்த ஒரு மணி நேரத்தை எல்லையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.