ஆங்கிலம் முடியட்டும், பிரெஞ்சு பிறகா?

கேள்வி: கொழும்பிலிருந்து வந்து ஆறு மாதம். மகன் தரம் 5. பிரெஞ்சுப் பாட நேரத்தில் அவனை ஆங்கில உதவி வகுப்புக்கு அனுப்பலாமா என்று பள்ளியில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? (ஒரு தாய், ஸ்காபரோ)

பதில்: 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். ஒன்ராறியோவின் ஆங்கிலப் பள்ளிகளில் தரம் 4 முதல் 8 வரை பிரெஞ்சு கட்டாயப் பாடம். ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் அந்த வகுப்பில் வரவேற்க வேண்டும் என்று மாகாணக் கல்வி அமைச்சே 2016இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதைச் சொல்லியே அதிபரிடம் பேசுங்கள். மற்றப் பாடங்களில் உங்கள் மகன் ஆங்கிலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். பிரெஞ்சில் மற்றவர்களும் போன வருடம்தான் தொடங்கினார்கள். எட்டிப் பிடிக்கிற தூரம். அவன் கை உயர்த்தக்கூடிய அந்த ஒரு பாடத்தையா பறிப்பது? ஆங்கில உதவி அவனுக்கு அவசியம்தான். அதை வேறு நேரத்தில் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். மூன்றாவதும் சேர்ந்தால் பிள்ளை குழம்பாதா? (மார்க்கம் வாசகர்)

பதில்: குழப்பம் நமக்குத்தான். ஒன்ராறியோவில் பேராசிரியர் காலி மேடி நடத்திய ஆய்வுகளில், பல மொழிகளோடு வந்த பிள்ளைகள் பிரெஞ்சில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சளைக்கவில்லை, முந்தியதும் உண்டு. தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மொன்றியலில் அண்ணாவின் பிள்ளைகள் பிரெஞ்சில் பொரிந்து தள்ளுகிறார்கள். எப்படி?

பதில்: கியூபெக்கில் 1977இல் வந்த சட்டம் 101, குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்புகிறது. விருப்பம் கேட்கவில்லை என்ற வருத்தம் பலருக்கு உண்டு. ஆனால் புதிதாய் வந்தவர்களுக்கென்று அங்கே தனி வரவேற்பு வகுப்புகள் இருக்கின்றன.

கேள்வி: கனடாவுக்குப் புதிதாய் வந்திருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. பல பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பிரெஞ்சு இமெர்ஷனில் சேர்க்க முடியுமா?

பதில்: வழக்கமான வாசல் பாலர் வகுப்பு அல்லது தரம் 1. விண்ணப்பமோ முந்தைய வருடமே. அப்போது நீங்கள் கனடாவிலேயே இல்லை! 1969இலேயே இரு மொழிகளையும் ஆட்சிமொழியாக்கிய நாடு, பிந்தி வந்த பிள்ளைக்கும் ஒரு வாசல் திறந்து வைத்திருக்க வேண்டும். சில கல்விச் சபைகளில் தரம் 4இலோ 7இலோ தொடங்கும் வழி உண்டு, விசாரியுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று உங்கள் பகுதிச் சபை உறுப்பினரிடம் கேளுங்கள். வாக்குரிமை இன்னும் கிடைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். மகள் அந்தச் சபையின் மாணவி. கேட்பதற்கு அது போதும்.