பெருங்கடல் தொட்டியும் கீழ்வீட்டுக்காரரும்: ஓர் ஆய்வு

ஹாலில் கடலை நிறுவ விரும்புவோர் இதுநாள்வரை எழுப்பிவந்த கேள்வி, ‘என்ன மீன் வளர்க்கலாம்?’ என்பதே. இத்துறை வளராமல் போனதற்கு அதுவே காரணம் என்பது நம் துணிபு. முதலில் கேட்க வேண்டியது, ‘கீழ்வீட்டில் யார் குடியிருக்கிறார்?’

சென்னை அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடியை ஆய்வுக்களமாகக் கொள்வோம். தொட்டி பத்தடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். இதில் 4,500 லிட்டருக்குச் சற்று மேல் நீர் பிடிக்கும். உப்பு நீர் நன்னீரைவிடக் கனமாதலால் எடை 4.6 டன், கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு தனிக்கணக்கு. வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலை. நம் தொட்டியோ 1,200 கிலோவைத் தாண்டுகிறது.

இதற்கு மறுப்பாக முன்வைக்கப்படுவது ‘வளைகாப்பு வாதம்’: “அன்னைக்கு எழுபது பேர் இதே ஹால்லதான் உட்கார்ந்தாங்க, என்ன ஆயிடுச்சு?” விருந்தினர் பரவலாக உட்காருவர்; சாப்பிட்டதும் எழுந்து போய்விடுவர். தொட்டி இரண்டையும் செய்யாது. எனவே பீம் எங்கே ஓடுகிறதென்று கட்டடப் பொறியாளரைக் கேட்பதற்கு முன் கொளத்தூர் மீன்கடைப் பக்கம் போவது ஆய்வு நெறியாகாது.

“கடல்தான் பக்கத்துலயே இருக்கே, நாலு குடம் மொண்டு வந்தா?” என்று கேட்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கூவம் எங்கே கடலில் கலக்கிறது என்று அவருக்குக் காட்டினால் போதும். நாம் ஆர்.ஓ. நீரில் 150 கிலோவுக்கு மேல் கடலுப்புக் கலவையைக் கரைக்கவேண்டும். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் அதில் போதாது.

கரைத்த பின் நாலைந்து வாரம் பாக்டீரியா வளர்ப்பு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் இவ்வுயிர்களே தொட்டியின் ஆதிக்குடிகள். பார்க்க வருவோர் “மீன் எங்கே?” என்பர். விளக்க முயல வேண்டாம். காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஆய்வின் மையம் மின்வெட்டு. பம்ப் நின்றதும் மேலே இருக்கும் நீர் குழாய் வழியே தொட்டிக்குக் கீழுள்ள வடிகட்டித் தொட்டியான சம்புக்குத் திரும்பும். மட்டம் ஓர் அங்குலம் இறங்கினாலே 94 லிட்டர். சம்பில் அதற்கு இடமில்லையெனில் நீர் தரைக்கு வரும். தரைக்கு வந்தது கீழ்வீட்டுக்காரரின் ஃபால்ஸ் சீலிங்கை அடையும். உப்பு நீர் போகிற வழியில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கவைக்கும். திரும்புகுழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அடுக்கக நல்லிணக்கத்துக்கு இந்தத் துளை ஆற்றும் தொண்டை அசோசியேஷன் கூட்டங்கள் இதுவரை ஆற்றியதில்லை.

இனி மீன்கள். உயிர்ப் பவளப்பாறையும் கடற்குதிரையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பதால் இப்பகுதி சுருங்குகிறது. கோமாளி மீன் வாங்கலாம். அதன் கூட்டத்தில் பெரியதே பெண். அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறிப் பொறுப்பேற்கும்.

தரைத்தளத்துக்கே குடிபோனால் சிக்கல் தீருமே என்பர். கீழ்வீட்டுக்காரர் இல்லைதான். ஆனால் அங்கே தொட்டிக்கு நேர் மேலே மாடிவீட்டுக்காரரின் பாத்ரூம் ஒழுகுகிறது; சொட்டுவது நன்னீர்.