ஜனவரி முதல் தேதிக்காரர்

ஒகேனக்கல்லில் ஐந்தருவி எதிரே இரைந்து கொட்டிக்கொண்டிருக்க, "கொஞ்சம் இருங்கண்ணா, ஃப்ளாஷ் ஏறட்டும்" என்று நம்மையும் பரிசல்காரரையும் காவேரியையும் ஒருசேர நிறுத்திவைக்கும் அந்த மகானுபாவரைத் தர்மபுரி ஜில்லாவில் அறியாதார் இலர். சட்டைப்பையில் நல்ல கைபேசி இருக்க, யாரோ பீரோவில் போட்டு மறந்த, 40 லட்சம் புள்ளிகளே உடைய 2004ஆம் வருஷத்துக் காமிராவைப் பேரம் பேசி வாங்கியவர் அவர். "இதுல இருக்கறது சிசிடி, போன்ல இருக்கறது சீமாஸ். போன் மூஞ்சிக்கு மாவு பூசிடும்" என்று அவர் செய்யும் உபதேசத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், தேதியைத்தான் சகிக்க முடியவில்லை.

சுவர்க் கடிகாரத்தை மாதக்கணக்கில் ஓட்டும் பெட்டிக்கடைப் பென்சில் செல்கள், காமிராவின் பசிக்குச் சில படங்கள்கூடத் தாங்குவதில்லையாதலால், அவற்றைக் கழற்றி, உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றி, மறுபடி செருகுவது அவருடைய நித்திய கர்மம். அவை வெளியே வந்த மாத்திரத்தில், உள்ளிருக்கும் கடிகாரமோ, வயோதிகத்தால் ஞாபகசக்தியை இழந்துவிட்டபடியால், பிறந்த வருஷத்து ஜனவரி முதல் தேதிக்கே திரும்பிவிடும். திருத்தக் கூடாதா என்றால், "அடுத்த தடவை செல் கழட்டினா மறுபடி போயிடுமே" என்பார். படத்தின் மூலையில் தேதி விழாமலாவது செய்யலாமே என்றால், அந்த ஆரஞ்சு எழுத்துதான் அழகே என்பார். ஆகவே எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கிருகப்பிரவேசம், ஆடிப்பெருக்கு யாவும் 1-1-2004 அன்றே நடந்தேறியிருக்கின்றன. தாலி கட்டிய தினத்திலேயே வளைகாப்பும் கண்ட தம்பதிகள் சிலர், ஆல்பத்தை உறவினரிடம் காட்டக் கூசுகிறார்கள். கிருஷ்ணகிரி அணையில் எடுத்த படத்தை நீட்டி, "பாருங்க, இந்தத் தேதிக்குக் கிருஷ்ணகிரி நம்ம ஜில்லாதான்!" என்று, அவ்வூர் 2004 பிப்ரவரியில் தனி ஜில்லாவாகப் பிரிந்துபோனதையே ரத்து செய்துவிட்ட பெருமிதத்துடன் அவர் சொன்னபோது, அவர்மீது எனக்குப் பிரியமே உண்டாகிவிட்டது.

ஆனால் ஐயா, படம் எங்கே? காமிராவின் முதுகிலுள்ள சின்னஞ்சிறு திரையில் கையால் வெயிலை மறைத்துக் காட்டுவீர். பிறகு கார்டு ரீடர் இல்லை என்பீர். அதையும் வாங்கித் தந்தாயிற்று. 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை அந்தப் பெட்டி ஏற்காது என்பதால், இடம் போதவில்லையென்று பிறர் வீட்டு விசேஷத்தை அழித்துவிடவும் நீர் தயங்குவதில்லை. தீர்த்தமலையில் என் பேரனுக்கு மொட்டையடித்தபோது, வேறொருவரையும் எடுக்கவிடாமல் முன்னே வந்து நின்றீரே, அவனுக்கு முடி வளர்ந்து, சலூனில் இரண்டு தரம் வெட்டியும் ஆயிற்று. தேதி எதுவாயினும் ஆட்சேபமில்லை, படத்தைத் தாரும்.