தோ, பக்கத்துலதான்: நில அளவையில் அளபெடையின் பங்கு குறித்து ஒரு முன்னாய்வு

புவியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக ஏட்டில் என் தலைப்பு, திருவண்ணாமலை மாவட்டத்து ஏரிகளின் வரத்துக் கால்வாய்கள். அந்த ஏரிகளைத் தேடி அலைந்தபோது வழியில் அகப்பட்டதைத்தான் இங்கே சமர்ப்பிக்கிறேன். பெனிசிலினும் வேறு வேலையாக இருந்தவருக்குத்தான் கிடைத்தது.

ஆய்வுப் பொருள், “பக்கத்துலதான்” என்னும் சொல். அகராதிகள் இதை இடத்தைக் குறிக்கும் சொல் என்று சொல்லி விட்டுவிடுகின்றன. இது ஒரு நீட்டல் அளவை என்பது என் கருதுகோள். மீட்டர் எல்லா ஊரிலும் ஒரே நீளம். இதுவோ சொல்கிறவரையும் கேட்கும் வேளையையும் நடுவில் உள்ள வியாபாரத்தையும் பொறுத்து நீளும், சுருங்கும்.

கருதுகோள் பிறந்த இடம் செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நிறுத்தம். (அந்தப் “பக்கத்தில்” எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம்.) பகல் பதினொன்றரை. வேப்பமரத்தடியில் ஆடுகளை விட்டுவிட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஏரிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். கை இரண்டும் சும்மாதான் இருந்தன. ஆனாலும் தாடையை மேற்கே நீட்டி, “தோ, பக்கத்துலதான் கண்ணு. அதோஓஓ அந்தப் பனமரம் தாண்டி” என்றார்.

பனைமரம் ஒன்றல்ல. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று நின்றது. கரையில் ஏறி போனைப் பார்த்தபோது மூன்றே முக்கால் கிலோமீட்டர் என்றது. ஏரியில் தண்ணீர் இல்லை. அது வேறு அத்தியாயம். திரும்பி வரும்போது அதே மரத்தடியில் அதே அம்மா. “பக்கம்னு சொன்னீங்களேம்மா” என்றேன். வருத்தத்தை மறைக்கத் தெரியவில்லை.

“பக்கம்தானே? போயிட்டுத் திரும்பியும் வந்துட்டியே!”

நான்கு வருடத்தில் நான் படித்த எந்தப் பாடநூலிலும் இதைவிடச் செறிவான வரையறை கிடையாது. பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்ப முடிந்த எல்லாமே பக்கம். 1970இல் புவியியலாளர் வால்டோ டோப்லர் புவியியலின் முதல் விதி என்று ஒன்றைச் சொன்னார்: எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்பு உண்டு, ஆனால் பக்கத்தில் இருப்பவற்றுக்குத் தொடர்பு கூடுதல். எவ்வளவு பக்கம் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. செங்கத்து அம்மா சொல்லிவிட்டார்.

அன்று இரவு லாட்ஜில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் முக்கியமான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அவர் என்னை ஏமாற்றவே இல்லை. தூரத்தைத் துல்லியமாகச் சொல்லியிருந்தார். நான்தான் தவறான இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். “பக்கம்” என்பது மரியாதைக்குச் சொன்னது. தூரம் இருந்தது “அதோஓஓ”வில்.

எழுத்தின் நீளத்தை அளக்கத் தொல்காப்பியர் காலத்திலேயே கருவி இருக்கிறது. கண் இமைக்கும் நேரமோ விரல் நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் அளபெடை. செய்யுளில் ஓசை குறைந்தால் நிறைக்க அது வரும் என்று பள்ளியில் படித்தோம். செங்கம் வட்டாரத்தில் அது கிலோமீட்டரை நிறைக்க வருகிறது. “தோ” என்று வெட்டிச் சொன்னால் கூப்பிடு தூரம். “அதோ” என்றால் குடை வேண்டும். ஓகாரம் நான்கு மாத்திரையைத் தாண்டினால் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்வது நலம். ஆறைத் தாண்டினால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது நலம். நான் தென்காசிப் பக்கம். எங்கள் ஊரில் “அன்னா இருக்கு” என்போம். ஓகாரம் ஆகாரமாகிறது, விதி மாறவில்லை. சொல்லுக்கு முகதாட்சண்யம் உண்டு. உயிரெழுத்துக்குக் கிடையாது.

நீளம் மாறிக்கொண்டே இருப்பதை அளவை என்று எப்படிச் சொல்வது என்று புறத்தேர்வாளர் கேட்பார். அவருக்குப் பதில் வைத்திருக்கிறேன். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்துதான் நாமெல்லாம் மதிப்பெண் வாங்கினோம். அண்மையில் அது 11,098 கிலோமீட்டர் ஆகிவிட்டது. தமிழ்நாட்டின் பங்கு 906இலிருந்து 1,068. ஒரு பிடி மணல்கூடப் புதிதாக வரவில்லை. முன்பு 45 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் அளந்தார்கள், இப்போது இரண்டரை லட்சத்துக்கு ஒன்று. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கழியும் முகத்துவாரமும் கூடக் கொஞ்சம் நீளம் கேட்கிறது. பெனுவா மாண்டல்பிராட் 1967இலேயே பிரிட்டனின் கடற்கரையை வைத்து இந்தச் சிக்கலை எழுதிவிட்டார். அரசாங்கத்தின் கடற்கரை அளக்கும் கோலைப் பொறுத்து நீளலாம், ஆடு மேய்க்கிறவரின் “பக்கம்” மட்டும் நீளக் கூடாதா?

துல்லியத்துக்கு ஆசைப்பட்டவர்களின் கதி என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்தார். ஏழரை மைல். 57 நாள் ஆனது. இன்று மாலை ஆறு மணிக்கு அந்த வழியில் பைக்கில் போகிறவர்கள், அது நியாயமான நேரம்தான் என்பார்கள். கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சாவூர்க் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கிப்போக, மனிதர் விடாமல் உட்கார்ந்து தானே சரிசெய்தார். தாடை அவ்வளவு எடை இல்லை. கயிறு வேண்டாம், பழுதும் அரிது.

நகரத்துக்கு வந்தால் அளபெடை போய்விடுகிறது, அதன் இடத்தில் காசு உட்கார்ந்துகொள்கிறது. திருவல்லிக்கேணியில் வீடு பார்த்த நாட்களில் புரோக்கர், “ஸ்டேஷன் பக்கம்தான் தம்பி, வாக்கபிள்” என்றார். அதே வீட்டுக்கு அதே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ கேட்டபோது, “அங்கயா? ரொம்ப தூரம் சார், வரும்போது காலியா வரணும்” என்றார்கள். வீடும் நகரவில்லை, ஸ்டேஷனும் நகரவில்லை. மனை விற்கும் விளம்பரங்கள் தூரத்தைக் கைவிட்டு நிமிடத்துக்கு மாறிவிட்டன. ஏர்போர்ட்டிலிருந்து இருபது நிமிடம் என்றால், விடியற்காலை மூன்று மணிக்கு, எல்லா சிக்னலும் பச்சையாக இருக்கும்போது, விமானத்தில் போனால் என்று பொருள்.

ஆனால் காசு சம்பந்தப்படாத நகர அளவை ஒன்று உண்டு. அது என் அப்பாவிடம் இருக்கிறது. ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போது விடியற்காலையில் போன் செய்வார். “ஏல, மெட்ராஸ் வந்துட்டேன்.” 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து அவருடைய மெட்ராஸ் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கிளாம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டமே 2019இல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. என் அறை அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். “அப்பா, அது மெட்ராஸ் இல்லப்பா” என்று ஒருமுறை மாவட்ட எல்லையை விளக்க முயன்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இனி தூங்கினாலும் தாண்டிப் போயிர மாட்டேம்லா? அப்ப வந்தாச்சுன்னுதான் அர்த்தம்” என்றார். 600 கிலோமீட்டர் வந்தவருக்கு 30 ஒரு கணக்கா? அவருடைய அளவுத்திட்டத்தில் அது படத்திலேயே விழாது. நான் டீ குடித்து, குளித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தபோதுதான் மேன்ஷன் வாசலில் கட்டைப்பையோடு வந்து நின்றார்.

ஆய்வின் குறைபாடுகளையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நான் வழி கேட்டவர்களின் எண்ணிக்கை, அவர்கள் சொன்ன மாத்திரை, நான் நடந்த தூரம் எல்லாம் குறித்த நோட்டு போளூர் மழையில் நனைந்து மைசூர்பாகு மாதிரி ஆகிவிட்டது. போக, வழி தெரியாதவர்களும் வழி சொல்கிறார்கள். “தெரியாது” என்று சொல்வதைவிட “அதோ” என்பது அவர்களுக்கு உபசாரமாகப் படுகிறது. இவர்களை மாதிரியிலிருந்து எப்படி விலக்குவது என்பதற்கு இன்னும் முறை கண்டுபிடிக்கவில்லை. நடந்து பார்ப்பதுதான் இப்போதைக்கு ஒரே வழி.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை என் நெறியாளரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்துத் துறையின் மாடிப்படியில் மடக்கினார். வரைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“ஏரி ஆய்வேடு எந்த நிலைமையில இருக்கு?”

“பக்கத்துல வந்துட்டேன் சார்.”

“தோவா, அதோவா?”

“அதோஓஓ” என்று ஆரம்பித்தேன். நான் முடிக்கும்வரை அவர் விரலை நொடித்து எண்ணிக்கொண்டு நின்றார்.